முதல் கோப்பையை நீட்டும் கை: பதின்பருவப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாணத்துக்கு முந்தைய இரவு. மண்டபத்தின் மொட்டை மாடியில் மாப்பிள்ளையின் நண்பர்களும் சித்தப்பாமார்களும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. தண்ணீர் பாட்டிலையும் வறுத்த கறியையும் மேலே கொண்டுபோய்க் கொடுக்கப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை அனுப்புகிறார்கள். மூன்றாம் முறை அவன் படியேறி வரும்போது ஒருவர், பாசத்தோடுதான், "மீசை முளைத்துவிட்டது, இன்னும் என்ன சின்னப் பையன்? ஒரு வாய் குடி" என்று பிளாஸ்டிக் டம்ளரை நீட்டுகிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவன் வாங்கிக்கொள்கிறான்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். படித்துவிட்டுப் போன மாணவர்கள் பிறகு வந்து மனம் திறந்து பேசும்போது இந்த மாடி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சிலர் கதையில் மாடிக்குப் பதில் தென்னந்தோப்பு. சிலர் கதையில் கிடா வெட்டு முடிந்த கோயிலின் பின்புறம். ஒருவன் கதையில் சாவு வீட்டுப் பந்தலுக்கு அப்பால் நிறுத்தியிருந்த வேன். டம்ளரை நீட்டியவர் சித்தப்பா, தாய்மாமன், பெரியம்மா மகன், அடுத்த தெரு அண்ணன் என்று நன்றாகத் தெரிந்தவராகவே இருந்தார். பெற்றோரோ அத்தனை காலமும் முகம் தெரியாத 'கெட்ட சகவாச'த்துக்கு எதிராகக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி வீட்டுக்குள் தொடங்கி, உறவு, நட்பு, தெரு என்று வெளியே போகிறது. பிள்ளைக்குப் பத்து வயதானதுமே முதல் படியைத் தொடங்கலாம். பதினேழு வயதாகிவிட்டதே என்று எந்தப் படியையும் விட்டுவிடவும் வேண்டாம்.

இந்த வயதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்?

ஆசையை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர ஏறத்தாழ 25 வயதாகிறது. இன்பத்தையும் பரபரப்பையும் தேடும் பகுதியோ பதின்பருவத்திலேயே வேகம் பிடித்துவிடுகிறது. இந்த இடைவெளியில் மது நுழைந்தால் பழக்கம் ஆழமாக வேரூன்றும். 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையானதாகச் சொன்னது. 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களிடம் அது 10 சதவீதம் அளவில்தான் இருந்தது. தொடங்கும் வயதுதான் முழுக் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. இளம் வயதிலேயே குடிக்கத் தொடங்கும் பிள்ளையின் குடும்பச் சூழலும் இதில் கலந்திருக்கிறது. ஆனாலும் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கு லாபம்.

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருப்பதால், விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் கடையில் கொடுக்காத பாட்டிலை அண்ணன் வாங்கிக் கொடுத்துவிடுகிறான். விதி எட்டாத அந்த இடத்தில் நாம்தான் நிற்க வேண்டும்.

முதல் படி: உங்கள் வீட்டை ஒரு வாரம் கவனியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார், எந்த நாளில் குடித்தார்கள், அப்போது பிள்ளை எங்கே இருந்தான் என்று எழுதுங்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, குடிக்கத் தொடங்கும்போது அவர்கள் சொன்ன காரணம். "இன்று அலைச்சல் அதிகம்." "மனசே சரியில்லை." "நல்ல செய்தி, கொண்டாட வேண்டாமா?" வாரக் கடைசியில் இந்தக் காரணங்களை மட்டும் படித்துப் பாருங்கள். அசதி, துக்கம், மகிழ்ச்சி, கோபம் என எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான் என்று அந்த வீடு ஒரு வார்த்தை அறிவுரையும் இல்லாமல் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அவன் பாட்டிலைவிட அந்தக் காரணத்தைத்தான் மனப்பாடம் செய்கிறான். பத்து வருடம் கழித்துத் தேர்வில் தோற்கும்போதோ காதல் கைகூடாதபோதோ அது நினைவுக்கு வரும்.

அடுத்து, வேலைகளைப் பாருங்கள். ஐஸ் கட்டி எடுத்து வருவது, சோடாவும் மிக்சரும் வாங்க ஓடுவது, ஆம்லெட் போட்டுக் கொடுப்பது, கண்ணாடி டம்ளரைக் கழுவுவது. பல வீடுகளில் இவை பிள்ளைகளின் கைவேலை. பெண் பிள்ளையென்றால் சமையலறையில் நின்று அப்பாவின் நண்பர்களுக்கு முட்டை வறுத்துக்கொண்டிருப்பாள். இந்த வேலைகளை இன்றோடு நிறுத்துங்கள். மதுவுக்குப் பணிவிடை செய்து வளரும் பிள்ளை அதை வீட்டுப் பொருள்களில் ஒன்றாகவே பார்க்கும். சட்டமும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி, மருத்துவர் சொல்லாமல் 18 வயது நிறையாதவருக்கு மது கொடுத்தால் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளைகளை வைத்து மதுவை விற்பது, எடுத்துச் செல்வது, கொண்டுபோய்க் கொடுப்பது ஆகியவற்றுக்கு 78-ஆம் பிரிவு அதே தண்டனையைச் சொல்கிறது. அந்த மொட்டை மாடிச் சித்தப்பாவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வீட்டில் புழங்கும் கணக்கையும் சரிசெய்யுங்கள். "ஒரு குவார்ட்டர்தானே", "பீர் எல்லாம் ஒரு குடியா?" என்று பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் உள்ளே போகிறது. 10 கிராமை ஓர் அளவாக வைக்கும் முறையில் இது ஆறு அளவு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் 8 சதவீதம் இருந்தால் ஏறத்தாழ 40 கிராம், அதாவது நான்கு அளவு. 50 கிலோ எடையுள்ள ஒரு பதினைந்து வயதுப் பையனின் உடலுக்கு அந்த ஒரு பாட்டிலே அதிகம்.

அப்பா குடிப்பவராக இருந்தால் பிள்ளைக்குச் சொல்லும் தகுதி போய்விட்டது என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. "நான் உன் வயதில் தொடங்கினேன். இன்று விட நினைத்தாலும் என்னால் முடியவில்லை. நீ தொடங்காதே" என்று அவர் உண்மையாகச் சொன்னால், குடிக்காத பத்துப் பேரின் பிரசங்கத்தைவிட அதற்கு எடை அதிகம். இளமையில் தான் குடித்துவிட்டுச் செய்தவற்றை வீரக் கதையாகச் சொல்வதை மட்டும் அவர் இன்றே விட்டுவிட வேண்டும். பிள்ளையை வைத்துக்கொண்டு குடித்த நிலையில் வண்டி ஓட்டுவதையும்தான்.

இரண்டாம் படி: உறவுக்கும் விழாவுக்கும் ஒரு நாட்காட்டி

அதே நோட்டில் அடுத்த ஆறு மாதத்துக்கான விழாக்களை எழுதுங்கள். காதுகுத்து, கல்யாணம், ஊர்த் திருவிழா, பதினாறாம் நாள் காரியம், தீபாவளி, புத்தாண்டு இரவு, பிளஸ் டூ தேர்வு முடியும் நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகள்: அங்கே மது எந்த இடத்தில் நடக்கும்? பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்கக்கூடியவர் யார்? உங்கள் குடும்பத்தை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. இரண்டு மூன்று பெயர்கள் உடனே மனதில் வரும்.

அந்தப் பெயர்களுக்கு உரியவர்களிடம் விழாவுக்கு முன்பே பேசிவிடுங்கள். விழா நடக்கும்போது பேசினால் அது சண்டையாகிவிடும். சபையில் அவமானப்படுத்தியதாக வருடக்கணக்கில் பேச்சு ஓடும். உறவுக்குள் முறையறிந்து பேசினால் காரியம் நடக்கும். "அண்ணா, உங்கள் மருமகனுக்கு உங்கள் மேல் கொள்ளைப் பிரியம். நீங்கள் எது கொடுத்தாலும் மறுக்க மாட்டான். அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன், அவனுக்கு யாரும் ஊற்றிக் கொடுக்காமல் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்." ஆபத்தாகத் தெரிந்த மாமனையே காவலராக்கும் பேச்சு இது. பெரும்பாலான தாய்மாமன்கள் இந்தப் பொறுப்பை நெஞ்சில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மண்டபத்தில் பிள்ளைக்கு வேறொரு நல்ல பொறுப்பு இருக்கட்டும். பந்தி விசாரிப்பது, மொய் எழுதும் இடத்தில் பக்கத்தில் இருப்பது, வெளியூர் உறவினர்களை அழைத்து வருவது. வளர்ந்த பையன் என்று நாலு பேர் மதிக்க வேண்டும் என்ற ஆசைதான் அவனை மாடிக்கு இழுக்கிறது. அந்த மதிப்பு கீழேயே கிடைத்துவிட்டால் மாடியின் இழுப்பு குறைகிறது.

மூன்றாம் படி: 'வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கலாம்' என்ற எண்ணத்தை விடுங்கள்

படித்த, வசதியான குடும்பங்களில் இந்த எண்ணம் பரவி வருகிறது. வெளியே போய்க் கண்டதைக் குடிப்பதைவிட நம் கண் முன்னால் ஒரு வாய் குடிக்கட்டும் என்கிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான், ஆனால் தவறு. ஆஸ்திரேலியாவில் 1,927 பதின்பருவத்தினரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2018-இல் வெளியானது. பெற்றோர் மது கொடுத்ததால் பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அவர்கள் பிறரிடமிருந்தும் மதுவைப் பெறுவதும், அளவுக்கு மீறிக் குடிப்பதும் கூடவே செய்தன. வீட்டில் கிடைத்த ஒரு வாயை அனுமதிச் சீட்டாகத்தான் பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

நான்காம் படி: வீட்டுக்கு ஒரே விதி, இரண்டு பேருக்கும் ஒரே வாய்

"படிப்பு முடித்து, சொந்தக் காலில் நிற்கும் வயது வரும்வரை இந்த வீட்டுப் பிள்ளைகள் மது தொடக் கூடாது." விதி இவ்வளவு எளிமையாக இருக்கட்டும். ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே, பிரச்சினை எதுவும் இல்லாத ஒரு நல்ல நாளில் சொல்லிவிடுங்கள். மீறினால் என்ன நடக்கும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். அது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு மாதம் வண்டிச் சாவி கிடையாது, இரவு வெளியே தங்க முடியாது என்பதுபோல. "வீட்டை விட்டுத் துரத்துவேன்" என்பது எந்தத் தாயும் செய்யப்போவதில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

விதி உடைவது பெரும்பாலும் பெற்றோருக்கு இடையில்தான். பையன் வாய் நாறி வருகிறான். அம்மா கண்டுபிடித்துவிடுகிறாள். "அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார், சத்தமில்லாமல் போய்ப் படு" என்று மறைக்கிறாள். அன்றைக்கு அவளும் அவனும் ஒரு ரகசியத்தின் பங்காளிகளாகிறார்கள். அடுத்த முறை அவன் அவளிடமே பணம் கேட்பான். கொடுக்காவிட்டால் ரகசியம் உடையும் என்ற பயத்தில் அவள் கொடுப்பாள். அம்மா ஏன் மறைத்தாள் என்று கேட்டால் பதில் அப்பாவின் கையில் இருக்கிறது. அடிப்பார் என்று தெரிந்த வீட்டில் உண்மை அப்பாவை எட்டாது. அதனால் தந்தையர் முதலில் மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: "பிள்ளைகளைப் பற்றி நீ எதைச் சொன்னாலும் நான் அன்று இரவு கை ஓங்க மாட்டேன்."

பெண் பிள்ளைகளுக்கும் இதே விதி, இதே விளைவு. பெண் குடித்தது தெரிந்தால் படிப்பை நிறுத்துவது, அவசரமாகக் கல்யாணம் பேசுவது என்று போகும் வீடுகளில், சிக்கலில் மாட்டிய பெண் உதவிக்குக் கூப்பிட வழியே இல்லாமல் போகிறது.

ஐந்தாம் படி: பிள்ளை தானாகச் சொல்லும் வீடு

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்பவர்கள் இதைச் செய்யலாம். பிள்ளைகளைக் கண்காணித்தால் தவறு குறையும் என்று நெடுங்காலமாக நம்பி வந்தார்கள். ஸ்வீடனில் ஹாகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு விதமாகக் காட்டியது. பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிந்திருந்த செய்திகளில் பெரும் பகுதி துருவித் துருவிக் கேட்டோ கட்டுப்படுத்தியோ வந்ததில்லை. பிள்ளை தானாகச் சொன்னது. பையைச் சோதிப்பது, கைப்பேசியைத் திறந்து பார்ப்பது, நண்பனிடம் உளவு கேட்பது இவற்றால் ஒரு முறை உண்மை கிடைக்கலாம். அதற்குப் பிறகு கதவு சாத்திக்கொள்ளும்.

பேச்சுக்கு நேரம் பார்க்க வேண்டும். எதிரே உட்கார வைத்து "உன்னிடம் பேச வேண்டும்" என்றால் எந்தப் பிள்ளையும் இறுகிவிடும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, இரவு தோசை ஊற்றிக் கொடுக்கும்போது, துணி மடிக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாத அந்த நேரங்களில் வாய் தானாகத் திறக்கும்.

"உன் கிளாஸில் பிறந்தநாள் ட்ரீட் என்றால் இப்போது என்ன செய்கிறார்கள், தம்பி?"

"ஹோட்டலுக்குப் போவோம். சில பேர் பீர் வாங்குகிறார்கள்."

இந்த இடத்தில்தான் பெற்றோர் பெரும்பாலும் தவறுகிறார்கள். "யார் வாங்கியது? பெயரைச் சொல், அவன் அம்மாவிடம் பேசுகிறேன்" என்று பாய்கிறார்கள். அவன் அடுத்த முறை "சும்மா ஹோட்டலுக்குப் போனோம்" என்பதோடு நிறுத்திவிடுவான். மாறாக:

"அப்படியா? அப்போது நீ என்ன செய்வாய்? சங்கடமாக இருக்காதா?"

"இருக்கும் அம்மா. கிண்டல் செய்வார்கள்."

"என்ன சொல்லிக் கிண்டல் செய்வார்கள்?"

இப்படியே கேட்டுக்கொண்டு போங்கள். அறிவுரை ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். அவன் சொன்ன பெயர்களை வெளியே கொண்டுபோகவும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அதையும் அவனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

இதோடு ஓர் ஒப்பந்தம். "எந்த ஊரில் இருந்தாலும், எத்தனை மணியானாலும், நீ குடித்திருந்தாலும், உன்னை அழைத்துவர இருந்தவன் குடித்திருந்தாலும் எனக்கு ஒரு போன் செய். நான் வருகிறேன். வழியில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். மறுநாள் பேசுவோம்." சொன்னபடி நடக்க வேண்டும். இரவு ஒரு மணிக்குப் போய் அழைத்து வரும் வழியெல்லாம் திட்டினால் இரண்டாவது போன் வராது.

ஆறாம் படி: நண்பர்கள் நடுவே அவனுக்கு ஒரு வழி

அறிவு இல்லாமலா குடிக்கிறான் என்று கேட்கிறோம். அறிவு இருக்கிறது, நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது அது பின்னால் போய்விடுகிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 2005-இல் நடந்த ஒரு சோதனையில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாக ஆடியபோது பதின்பருவத்தினர் ஓரளவு நிதானமாகவே ஆடினார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஆடிய பதின்பருவத்தினரோ பெரியவர்களைவிட மிக அதிகமாகத் துணிந்து ஆபத்தை ஏற்றார்கள். இது கெட்ட நண்பன், நல்ல நண்பன் என்ற கணக்கு இல்லை. நண்பன் அருகில் இருப்பதே அந்த வயது மூளையின் நிறுத்துக் கட்டையைத் தளர்த்துகிறது.

'எல்லாரும் குடிக்கிறார்கள்' என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. மாணவர்கள் மற்றவர்களின் குடியை உண்மையைவிட அதிகமாக மதிப்பிடுகிறார்கள் என்பது 1986 முதலே அமெரிக்கக் கல்லூரிகளில் பதிவாகி வரும் செய்தி. நம் நாட்டில் எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி, 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 17 வயது வரையிலானவர்களில் மது அருந்துவோர் 1.3 சதவீதம். உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், பெரும்பான்மைப் பிள்ளைகள் குடிப்பதில்லை. குடிக்காதவன் படம் போடுவதில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதை உங்கள் மகனிடம் எண்ணோடு சொல்லுங்கள்.

மறுக்கும் வார்த்தைகளை வீட்டிலேயே பழக்குங்கள். "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லைக் கூட்டத்தில் தாங்கிப் பிடிக்கப் பெரியவர்களாலேயே முடிவதில்லை. "நாளை காலையில் மேட்ச் இருக்கிறது", "மாத்திரை சாப்பிடுகிறேன்", "அம்மா வாசலிலேயே நின்று முகர்ந்து பார்ப்பார்" என்று காரணம் காட்டட்டும். பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ள முழு அனுமதி கொடுங்கள். கையில் ஏற்கெனவே ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் இருந்தால் வேறொன்றை யாரும் திணிப்பது குறைவு. கூட்டத்தில் குடிக்காத இன்னொருவனை முன்பே பேசிவைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. தனியாக மறுப்பதற்கும் இரண்டு பேராக மறுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏழாம் படி: நேரம், பணம், தெரு

ஐஸ்லாந்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையாகும் அளவுக்குக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். பயமுறுத்தும் பிரசாரத்தை நம்பாமல், பிள்ளைகளின் சூழலை மாற்றினார்கள். விளையாட்டு, இசை, நடனம் ஆகியவற்றுக்கு அரசு பணம் கொடுத்தது. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் வைத்தார்கள். ஒரே வகுப்புப் பெற்றோர்கள் சேர்ந்து உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள். மாலையில் பெற்றோர்கள் குழுவாகத் தெருக்களில் நடந்து போனார்கள்.

சிறிய, வசதியான நாடு அது. அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பெற்றோர் உடன்படிக்கைக்கு மட்டும் ஒரு செலவும் இல்லை. உங்கள் பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் நான்கைந்து பேரின் பெற்றோரைச் சந்தியுங்கள். பெரியவர் இல்லாத வீட்டில் பார்ட்டி கிடையாது, இரவு தங்கல் என்றால் அந்த வீட்டுப் பெரியவரிடம் ஒரு போன், யார் பிள்ளை சிக்கலில் இருந்தாலும் யார் வேண்டுமானாலும் போய் அழைத்து வரலாம். இந்த மூன்றில் ஒத்துப்போனாலே போதும். "எல்லார் வீட்டிலும் விடுகிறார்கள், நீங்கள் மட்டும்தான்" என்ற வாதம் அதோடு முடிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, கைச்செலவுக்கு அளவும் கணக்கும் இருக்கட்டும். திருப்பூர் போன்ற ஊர்களில் வாரச் சம்பளத்துக்கு வேலைக்குப் போகும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைதான் கண்டம். முதல் சம்பளத்தை மூத்த தொழிலாளிகளுக்குச் செலவழித்துக் கொண்டாட வேண்டும் என்ற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. முதல் சில வாரங்களாவது சம்பள நாளன்று வீட்டிலிருந்து ஒருவர் போய் அழைத்து வாருங்கள்; ஒரு பகுதியை அன்றே அஞ்சலகக் கணக்கிலோ வங்கியிலோ போட வையுங்கள்.

பள்ளிக்கு அருகில் மதுக்கடை இருந்தால் சும்மா இருக்க வேண்டாம். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது என்பது விதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் பெற்றோர் கூட்டாக மனு கொடுங்கள். கிராமமென்றால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

திரையையும் விளம்பரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. மது விளம்பரத்துக்குத் தடை இருப்பதால் அதே பெயரில் சோடாவும் குடிநீரும் விளம்பரமாகின்றன. அவை வரும்போது "இது உண்மையில் எதை விற்கிறது?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு ஆர்வம் அதிகம்.

எட்டாம் படி: வீட்டில் ஏற்கெனவே குடிநோய் இருந்தால்

இதுவரை சொன்னவற்றைப் படித்துவிட்டு, "என் வீட்டில் அப்பாவே தினமும் விழுந்து கிடக்கிறார், இதில் எந்த விதி, எந்த ஒப்பந்தம்?" என்று கண் கலங்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசாமல் இந்த வழிகாட்டி முடியாது.

குடிநோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதி பரம்பரையாக வருகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. மீதிப் பாதி சூழல். குடிநோயாளியின் பிள்ளைகளில் பலர் வாழ்நாள் முழுவதும் குடியாமலே இருந்துவிடுகிறார்கள். பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: "சில குடும்பத்தில் சர்க்கரை நோய் வருவதுபோல, நம் குடும்பத்தில் இது வருகிறது. மற்றவர்கள் தொட்டுவிட்டு மீளலாம். உனக்கு அந்த வாய்ப்புக் குறைவு."

அப்பாவின் குடிக்குப் பிள்ளை தன்னைக் காரணமாக நினைப்பான். "நான் ஒழுங்காகப் படித்திருந்தால் அப்பா குடித்திருக்க மாட்டார்" என்று ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி என்னிடம் சொன்னாள். வகுப்பில் முதல் மாணவி அவள். இது உன் தவறில்லை, உன்னால் குணப்படுத்தவும் முடியாது என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாராவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். நிதானமான ஒரு பெரியவர், பாட்டியோ மாமாவோ ஆசிரியரோ, பிள்ளையின் வாழ்க்கையில் நிலையாக இருந்தால் அவன் பெரிதும் தப்பித்துக்கொள்கிறான். அந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அப்பா குடித்து வரும் இரவில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும், புத்தகப் பையை எங்கே வைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். குடும்பத்தினருக்கான அல்-அனான், பதின்பருவப் பிள்ளைகளுக்கான அலட்டீன் என்ற தோழமைக் கூட்டங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன, கட்டணம் கிடையாது.

கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்துகளை வாங்காதீர்கள். குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்பிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது மது சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவருகிறது. சங்கிலி போட்டு, அடித்துத் திருத்துகிறோம் என்னும் மையங்களின் பக்கம் போகாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடை செய்திருக்கிறது. 18 வயது நிறையாதவரை அனுமதித்தால் பெரியவர்களிடமிருந்து தனியாகத்தான் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஒன்பதாம் படி: குடித்துவிட்டு வந்த இரவும் அடுத்த நாளும்

அன்றிரவு விசாரணை வேண்டாம். முதலில் உயிர். எழுப்பினால் எழாமல் இருப்பது, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக இருப்பது, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து வினாடிக்கு மேல் இடைவெளி, உடல் சில்லென்று உதடு நீலமாவது, வலிப்பு, நிற்காத வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மெத்தனால் என்னும் விஷம் கலந்த சாராயமாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது அதுதான்.

மற்றபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் அடைக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதுவும் போதையைத் தெளிய வைக்காது. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு எதைப் புகட்டினாலும் புரையேறும். குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றாதீர்கள், விரல் விட்டு வாந்தியெடுக்க வைக்காதீர்கள். ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

மறுநாள் அவன் சாப்பிட்ட பிறகு, இருவருமாக உட்கார்ந்து பேசுங்கள். யார் கொடுத்தது என்பதைவிட, அதற்கு முன் என்ன நடந்தது, எந்த நொடியில் சரி என்று சொன்னான் என்று கேளுங்கள். முன்பே சொல்லியிருந்த தண்டனையை, அதற்கு மேலும் கீழும் இல்லாமல், கொடுங்கள்.

ஒரு தடவைக் கோளாறா, பழக்கமா என்று அறிய மருத்துவர்கள் பதின்பருவத்தினரிடம் ஆறு கேள்விகள் கேட்பதுண்டு. குடித்த ஒருவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா, அல்லது குடித்துவிட்டு நீயே ஓட்டியிருக்கிறாயா? மனம் இளகவோ மற்றவர்களோடு ஒட்டிக்கொள்ளவோ குடிக்கிறாயா? தனியாக இருக்கும்போது குடித்தது உண்டா? குடித்தபோது செய்தது மறந்துபோயிருக்கிறதா? வீட்டாரோ நண்பர்களோ குறைத்துக்கொள்ளச் சொன்னார்களா? குடித்ததால் ஏதாவது சிக்கலில் மாட்டினாயா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் தேர்ந்தவரிடம் அழைத்துப் போக வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446, பிள்ளைகள் தாங்களே அழைக்க 1098. இந்த மூன்று எண்களையும் பிள்ளையின் கைப்பேசியில் அவன் கையாலேயே பதியச் சொல்லுங்கள்.

அடுத்த சில வாரங்கள் வீட்டில் அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். உறவினர் முன்னால் ஒருபோதும் வேண்டாம். அவன் விளையாட்டுக்கோ நண்பனைப் பார்க்கவோ மறுபடி வெளியே போகட்டும், திரும்பும் நேரம் மட்டும் முடிவாகியிருக்கட்டும். அடுத்த கல்யாண அழைப்பிதழ் வந்ததும் இரண்டாம் படியின் நோட்டை எடுங்கள். அந்த மாமாவுக்கு இந்த முறையும் நான்கு நாள் முன்னதாகவே போன் செய்து, பந்தியில் பையனுக்கு எந்த வரிசை என்று பேசிவைத்துவிடுங்கள்.